உட்கார்ந்து பேசுகிறவர்களைப் படமெடுப்பது எப்படி?

எழுத்தாளர் விழாவில் கண்ணுக்கு ஒன்றும் நடக்காது. முதல் வருடம் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கால்பந்து என்றால் பந்து ஓடும், பின்னால் ஆள் ஓடுவார். நடனம் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே மேடையில் மூன்று நாற்காலி, நடுவில் ஒரு குட்டை மேசை, அதன்மேல் தண்ணீர் பாட்டில். மூன்று பேர் வந்து உட்கார்ந்து ஐம்பது நிமிடம் பேசுவார்கள், எழுந்து போவார்கள், அடுத்த மூன்று பேர் வருவார்கள். நாற்காலி அதேதான். பாட்டில்கூடச் சில நேரம் அதேதான். முதல் நாள் ராத்திரி கார்டைக் கணினியில் கொட்டிப் பார்த்தேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் படம். உடம்பு ஒன்றுதான், தலையை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டின மாதிரி இருந்தது.

நான் தொழிலால் மெய்ப்புத் திருத்துகிறவன். அடுத்தவர் எழுதினதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தே பதினைந்து வருடம் ஓடிவிட்டது. கேமரா நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. எழுத்தாளர்களைக் கிட்டத்தில் பார்க்கலாம், ஓசியில் பேச்சும் கேட்கலாம் என்ற நப்பாசையில்தான் முதல் விழாவுக்கு ஒப்புக்கொண்டேன். பார்க்கலாம் என்பது உண்மை. கேட்கலாம் என்பது பொய். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துவிட்டால் காது சத்தத்தை வாங்கும், அர்த்தத்தை வாங்காது. ஏற்றம், இறக்கம், இழுவை, மூச்சு, சிரிப்புக்கு முந்தின சின்ன இடைவெளி, இவ்வளவுதான் உள்ளே போகும். இந்த வேலைக்கு வேண்டியதே அதுதான் என்று புரிய எனக்கு இரண்டு விழா ஆயிற்று. இங்கே நடப்பதெல்லாம் காதுக்கு நடக்கிறது. படத்தையும் காதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த வேலையில் நமக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் உண்டு. 1935 ஜூனில் பாரிஸில் எழுத்தாளர்களின் பெரிய சர்வதேச மாநாடு நடந்தது. பாசிசத்திடமிருந்து பண்பாட்டைக் காக்க வேண்டும் என்று கூட்டினது. ஆந்த்ரே ழீத், மால்ரோ, பிரெக்ட், பாஸ்டர்நாக் எல்லோரும் வந்திருந்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து இரண்டு வருடம் முன்பு தப்பி வந்த ழிசேல் ஃப்ராய்ண்ட் என்ற 26 வயதுப் பெண், லைக்கா கேமராவோடு அந்தக் கூட்டத்தைப் படமெடுத்தார். ஜேம்ஸ் ஜாய்ஸையும் வர்ஜீனியா உல்ஃபையும் 1939இல் வண்ணத்தில் எடுத்ததும் அவர்தான். எழுத்தாளரைப் பார்க்கப் போகும்முன் அவருடைய புத்தகத்தைப் படித்துவிட்டு, அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுப்பது அவர் வழக்கம். லென்ஸ், விளக்கு எல்லாம் அப்புறம்தான். முதலில் இது.

விழாவுக்கு முன்னால்

நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் பங்கேற்பவர்கள் ஒவ்வொருவருடைய எழுத்திலும் பத்துப் பக்கமாவது படித்துவிடுங்கள். முழுப் புத்தகத்துக்கு நேரம் இருக்காது, தெரியும். பத்துப் பக்கம் போதும். மேடைக்குப் பின்னால் பதற்றத்தோடு நிற்கிறவரிடம் "அந்தக் கதையில் கிணறு வருகிற இடம்…" என்று ஆரம்பித்துப் பாருங்கள். தோள் இறங்கும், முகம் திறக்கும். "கொஞ்சம் சிரிங்க சார்" என்று எத்தனை முறை சொன்னாலும் அது நடக்காது. பின்னட்டைப் படத்தை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். பின்னட்டையில் பலருக்கு வயதே ஆவதில்லை. ஒரு நாவலாசிரியரை வரவேற்பு மேசையருகே அரை மணி நேரம் தேடினேன். எனக்குப் பக்கத்தில் நின்று பைக்குள் கண்ணாடிக்கூட்டைத் துழாவிக்கொண்டிருந்தவர்தான் அவர்.

ஒரே நேரத்தில் மூன்று அரங்கில் அமர்வு நடக்கும். மூன்றையும் எடுக்க ஆசைப்பட்டால் ஒன்றும் தேறாது. ஓர் அமர்வுக்கு இருபது நிமிடமாவது கொடுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் விறைப்பாகத்தான் இருப்பார்கள். பத்து நிமிடம் போனபிறகுதான் முதுகு நாற்காலியில் சாயும், கை பேச ஆரம்பிக்கும். தலைகாட்டிவிட்டு ஓடுகிறவருக்குக் கிடைப்பது அந்த விறைப்பு மட்டும்தான்.

எத்தனை படம், எப்போது தர வேண்டும், உரிமை யாரிடம், எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள், பெயர் போடுவார்களா, இதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒரு விழாக்காரர்களிடம் வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டேன். அடுத்த வருட அழைப்பிதழில் என் படம், வாசலில் இருந்த பேனரில் என் படம், மேடைப் பின்திரையிலும் என் படம். பெயர் ஓர் இடத்திலும் இல்லை. போய்ச் சண்டை போடலாம் என்றால் கையில் ஒரு வரி எழுத்து இல்லை.

குழந்தைகள் அமர்வு இருந்தால், பெற்றோர் ஒப்புதல் யார் வாங்குகிறார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். படம் வேண்டாம் என்கிறவர்களுக்குத் தனி நிறத்தில் கழுத்துப்பட்டை கொடுக்கிற விழாக்கள் உண்டு. கொடுக்காவிட்டால் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

விளக்கு

அரங்கு காலியாக இருக்கும்போதே ஒரு முறை உள்ளே போய்வாருங்கள். தன்னார்வலர் யாரையாவது மேடை நாற்காலியில் உட்காரவைத்து, அமர்வுக்கு எரியப்போகும் விளக்கையே போடச் சொல்லி நாலு படம் எடுங்கள். முகத்தில் குறுக்கே கோடு கோடாக நிழல் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். விழுந்தால் காரணம் இதுதான்: மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி ஓடும் இடத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சார் வரிவரியாகப் படிக்கிறது என்பதால் ஒரு வரி வெளிச்சத்திலும் அடுத்த வரி மங்கலிலும் மாட்டும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுழற்சி கிடைத்துவிடும், கோடு போய்விடும். 60 சுழற்சி ஓடும் நாடுகளில் 1/60, 1/120. இதைவிட வேகம் வேண்டுமென்றால் கேமராவில் ஆன்டி-ஃப்ளிக்கர் (விளக்கு பிரகாசமாக எரியும் கணம் பார்த்து எடுக்கிற வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக்கி எரியவிட்ட எல்இடி விளக்கும், மேடைப் பின்னால் இருக்கும் எல்இடி திரையும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அவற்றோடு அங்கேயே முட்டி மோதித்தான் ஒரு வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு தர்மசங்கடம் வரும். சத்தமில்லாத ஷட்டர் வேண்டும், ஆனால் பெரும்பாலான கேமராக்களில் சத்தமில்லாதது எலெக்ட்ரானிக் ஷட்டர், கோடு அதிகம் விழுவதும் அதில்தான். புதிய உயர்ரகக் கேமராக்கள் சிலவற்றில் சென்சார் மிக வேகமாகப் படிப்பதால் இந்தத் தொல்லை குறைவு. என்னுடையது அந்த ரகம் இல்லை. ஆகவே என் ஏற்பாடு இப்படி: கலந்துரையாடலுக்கு மெக்கானிக்கல் ஷட்டர். பேச்சுச் சத்தத்திலும் சிரிப்பிலும் அது அமுங்கிப்போகும். கவிதை வாசிப்பு, நினைவேந்தல், குரலைத் தாழ்த்திப் பேசுகிற எந்த அமர்வானாலும் சைலண்ட், 1/100, கை ஆடினால் ஆடட்டும். கவிதை முடிந்து அரங்கு மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நொடிக்குள் ஒரு தடவை என் ஷட்டர் 'டடக்' என்றது. முன்வரிசையில் நாலு தலை திரும்பிற்று. கவிஞரும் திரும்பினார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டினதில்லை.

அளவு கேட்பவர்களுக்கு: அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) f/2.8, முகத்துக்கு 1/100, கையை வீசிப் பேசுகிறவருக்கு 1/250, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200 முதல் 6400 வரை. படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகக் குருணை விழும். விழட்டும், ஆடிப்போன படத்தைவிட அது மேல். இரண்டு பேரை ஒரே படத்தில் எடுக்கும்போது f/2.8 காலை வாரிவிடும். எழுத்தாளர் கூர்மையாக இருப்பார், நெறியாளர் பனிமூட்டத்தில் இருப்பார். f/5.6க்குப் போங்கள், துளை சிறுக்கிறதால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டிவரும். இல்லாவிட்டால் நாலு அடி பக்கவாட்டில் நகர்ந்து, இருவரும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் வருகிற மாதிரி நில்லுங்கள். நகர்வதற்கு ஐஎஸ்ஓ செலவில்லை.

பின்னால் கறுப்புத்திரை இருந்தால் கேமரா ஏமாந்துபோய் முகத்தைச் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். மேனுவலில் வையுங்கள், நெற்றியில் வெளிச்சம் பொரிந்துபோகாமல் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். வொயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) கையால் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் பின்திரையில் புத்தக அட்டை மாறும்போதெல்லாம் எழுத்தாளரின் தோலும் நிறம் மாறும். ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவாக எடுத்தால் இதில் பாதியைப் பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம். கூடாரத்தில் நடக்கும் விழா என்றால் துணியின் நிறம் முகத்தில் ஏறும். வெள்ளைத் துணி வரப்பிரசாதம். மஞ்சள் துணிக்குள் எல்லோருக்கும் காமாலை.

ஃப்ளாஷ் வேண்டாம். பேச வந்தவர் முகத்தில் மின்னலடிக்க நமக்கு உரிமை இல்லை.

சத்தமில்லாத ஆள்

ஷட்டரைவிடச் சத்தம் போடுவது கேமராப் பைதான். வெல்க்ரோவைப் பிரிக்கிற 'பர்ர்ர்' சத்தம் அமைதியான அரங்கில் துணி கிழிகிற மாதிரி கேட்கும். தேவையான லென்ஸை வெளியிலேயே மாட்டிக்கொண்டு உள்ளே போங்கள். சட்டைப்பையில் சாவி, சில்லறை வேண்டாம். செருப்பின் அடி ரப்பராக இருக்கட்டும். ஃபோகஸ் ஆனதும் 'பீப்' அடிப்பதை நிறுத்துங்கள். இருட்டில் ஃபோகஸுக்காக கேமரா முன்னால் வீசுகிற ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் தேடிப்போய் அணைத்துவிடுங்கள். அது எழுத்தாளர் நெஞ்சில் குறிவைத்த மாதிரி விழும். பின்பக்கத் திரையும் அணைந்திருக்கட்டும். உங்களுக்குப் பின்னால் இருபது பேர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் ஐந்து நிமிடம் முன்வரிசைக்கு முன்னால் முழங்காலிட்டு எடுப்பேன், அப்புறம் ஓரத்துக்கு வந்துவிடுவேன். நடுவழியில் குறுக்கே நடப்பதே இல்லை. இடம் மாற வேண்டுமானால் கைதட்டலுக்குக் காத்திருப்பேன். கையில் 70–200 மி.மீ. லென்ஸ் மாட்டின கேமரா ஒன்று, கழுத்தில் 35 மி.மீ. மாட்டினது ஒன்று. இரண்டு கேமராவிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டுகிறதா என்று காலையில் பார்த்துவிடுங்கள். என்னுடையதில் ஏழு நிமிட வித்தியாசம் இருந்தது தெரியாமல் ஒரு நாள் முழுக்க எடுத்தேன். ராத்திரி நேரவாரியாக அடுக்கினபோது ஓர் அமர்வில் சிரித்தவர்கள் இன்னோர் அமர்வின் மேடைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாயும் எழுத்தும்

பேசுகிற வாயை எடுப்பதுதான் இந்தத் தொழிலின் தலைவலி. பத்துப் படத்தில் ஆறு, ஏதோ கசப்பைக் கடித்த முகமாக வரும். பர்ஸ்ட் வைத்து நொடிக்குப் பத்து அடித்தால் சரியாகிவிடும் என்று முதல் வருடம் நினைத்தேன். ஆறு கசந்த முகம் அறுபதானதுதான் மிச்சம். பிறகு ஒரு நாள், பள்ளியில் படித்த பிறப்பியல் ஞாபகம் வந்தது. எழுத்து பிறக்கும் விதம். இலக்கணத்தை வேறு எதற்குப் படித்தேனோ, இதற்குத்தான் உதவிற்று.

'அ', 'ஆ' பிறப்பது அங்காத்தலில், அதாவது வாய் திறப்பில். படத்தில் கொட்டாவி. 'உ', 'ஊ', 'ஒ', 'ஓ' இதழ் குவிவதில். படத்தில் விசில் அடிக்கிறார். 'ப', 'ம' இரண்டு உதடும் ஒட்டிப் பிறக்கும். அடக்கமான முகம், ஆனால் பேசுகிற மாதிரித் தெரியாது. 'வ' வுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடும். உதட்டைக் கடித்து எதையோ மறைக்கிறவர் மாதிரி வருவார். அழகு 'இ', 'ஈ', 'எ', 'ஏ'. வாய் கொஞ்சமாகத் திறந்து பக்கவாட்டில் நீளும், பல்வரிசை தெரியும், கன்னம் மேலேறும். சிரிப்புக்கு அடுத்த வீடு. ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு 'ஏ'காரத்துக்குக் காத்திருப்பேன். "நானே", "அதுதானே", "இல்லையே" என்று அழுத்திச் சொல்கிற எழுத்தாளர் கிடைத்தால் கொண்டாட்டம். தெரியாத மொழியில் பேசினாலும் இது பலிக்கும். வாய் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் திறக்கிறது.

எழுத்தைவிடவும் நல்லது எழுத்து நின்ற இடம். வாக்கியம் முடிந்து குரல் இறங்கினதும் அரை நொடி வாய் லேசாகத் திறந்தபடி இருக்கும், கண் அரங்கைப் பார்க்கும், 'சொன்னது போய்ச் சேர்ந்ததா' என்று. அந்த அரை நொடிதான் படம். அதைப் பிடிக்க வாக்கியம் முடியப்போவது முன்கூட்டியே காதில் விழ வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளம் இருக்கும். சிலர் முடிக்கும்முன் வேகமெடுப்பார்கள், சிலர் இழுப்பார்கள். இரண்டு நிமிடம் கேமராவை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டால் தாளம் பிடிபட்டுவிடும். பார்க்கிறவர்கள் நான் தூங்குகிறேன் என்று நினைக்கக்கூடும்.

கண்ணிமைப்பையும் கணக்கில் வையுங்கள். மனிதர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைக்கிறார். பேசும்போது அது கூடும். நாலு பேர் இருக்கும் மேடையில் நாலு ஜோடிக் கண்ணும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது அதிர்ஷ்டம். அந்தக் குழுப்படத்துக்கு மட்டும் பர்ஸ்ட் வையுங்கள், தப்பில்லை.

மைக் வாயை மறைத்தால் உங்கள் பக்கம் தப்பு என்று அர்த்தம். கையில் மைக் பிடிக்கிறவர் எந்தக் கையில் பிடிக்கிறார் என்று பார்த்து எதிர்ப்பக்கம் போங்கள். கன்னத்தில் ஒட்டின மைக் என்றால் அது ஒட்டாத கன்னம். மூக்குக்கண்ணாடியில் விளக்கு அடித்தால் உட்காருங்கள், அல்லது எழுந்திருங்கள். ஒரு சாண் உயரம் மாறினாலே பளபளப்பு இடம் மாறிவிடும்.

வாசிக்கிறவர்

வாசிக்கும்போது கண் தாளில் இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் இமை மட்டும் தெரியும், தூங்குகிற படம் கிடைக்கும். இரண்டு வழி. ஒன்று, தாழ்ந்து போய்க் கீழிருந்து எடுப்பது. இன்னொன்று, பக்கம் புரட்டக் காத்திருப்பது. புரட்டுகிற கணத்தில் பெரும்பாலானவர்கள் நிமிர்வார்கள். தாளைப் பார்க்க முடியாவிட்டால் பரவாயில்லை, பக்கம் முடியப்போகிறது என்று விரல் சொல்லும். கடைசி இரண்டு வரி இருக்கும்போதே வலது மூலையை நிமிண்ட ஆரம்பித்துவிடும். கைபேசியில் வாசிக்கிறவர்கள் இந்த உதவியைச் செய்வதில்லை. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், நிமிர மாட்டார்கள்.

இதில் நான் பண்ணின பெரிய தப்பு ஒன்று. ஒரு மூத்த கவிஞர், தாளே இல்லாமல் சொன்னார். நாற்பது படம் எடுத்தேன். இடைவேளையில் கேமராத் திரையில் பார்த்தால் எல்லாவற்றிலும் கண் மூடியிருந்தது. கார்டில் இடம் குறைவாக இருந்தது, 'இமைப்பு' என்று மொத்தத்தையும் அங்கேயே அழித்தேன். மாலையில் அவருடைய வாசகி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், "அம்மா கவிதை சொல்லும்போது கண்ணைத் திறக்கவே மாட்டாங்க." இமைப்பு நாற்பது தடவை தொடர்ந்து விழாது என்பதை யோசித்திருக்க வேண்டும். கேமராவில் எதையும் அழிக்காதீர்கள். கார்டு நிறைந்தால் கார்டை மாற்றுங்கள். பையில் இரண்டு கார்டு உபரியாக இருக்கட்டும், பேட்டரியும் அப்படியே.

திரும்பி நில்லுங்கள்

மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூச்சமாக இருக்கும். பழகிக்கொள்ளுங்கள். விழாவில் உண்மையாக ஏதாவது நடக்கிறது என்றால் அது நாற்காலி வரிசைகளில்தான். கேட்கிற முகம், குறிப்பெடுக்கிற கை, பத்து இடத்தில் வண்ணத்தாள் செருகின புத்தகம், கன்னத்தில் கைவைத்தபடி வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் பையன். மேடையிலேயே பேசாமல் இருக்கிறவரையும் பாருங்கள். சக எழுத்தாளர் தன்னைவிட நன்றாகப் பேசும்போது ஒருவர் முகத்தில் ஓடுவது என்னவென்று இங்கே நான் எழுதப்போவதில்லை. லென்ஸை அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

சைகைமொழி பெயர்ப்பவர் இருந்தால் அவரை ஓரத்தில் வெட்டிவிடாதீர்கள். அவருக்கு 1/250ஆவது வேண்டும், முகமும் கையும் சேர்ந்து சட்டகத்துக்குள் வர வேண்டும். விரல் நுனி வெட்டுப்பட்டால் பாதிச் சொல் போன மாதிரி.

கேள்வி நேரம் வந்ததும் எல்லோரும் கேள்வி கேட்கிறவரை எடுப்பார்கள். மைக் கைக்கு வந்த முதல் நொடியில் அவரை எடுத்துவிட்டு உடனே மேடைப் பக்கம் வாருங்கள். கேள்வி நீளும்போது எழுத்தாளர் முகத்தில் பொறுமை, வியப்பு, 'இது கேள்வியா, உரையா' என்ற சந்தேகம் எல்லாம் வரிசையாக ஓடும். ஐம்பது நிமிடத்தில் அவர் தன் முகத்தை மறந்திருப்பது இந்த ஒரு நேரம்தான்.

கேட்கிறவர்களைக் கிட்டத்தில் எடுத்தால் அமர்வு முடிந்ததும் போய்ச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒருவர் அழுதுகொண்டிருந்தால் எடுக்கலாமா என்று கேட்காதீர்கள். எடுக்காதீர்கள்.

கையெழுத்து வரிசை

எனக்குப் பிடித்த இடம் இது. வரிசையில் நிற்கிறவர் தன் முறை வருவதற்குள் மூன்று தடவை ஒத்திகை பார்ப்பார், உதடு அசையும். மேசைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோய்ப் புத்தகத்தைத் தலைகீழாக நீட்டுவார். எழுத்தாளர் பேனாவை வைத்துக்கொண்டு "பேர்?" என்பார். இவர் குனிந்து சொல்வார். இரண்டு தலையும் கிட்டே வரும் அந்தக் குனிவுக்காக, எழுத்தாளரின் தோளுக்குப் பின்னாலிருந்து, 35இல் எடுங்கள். குறுக்கே போய் நிற்க வேண்டாம். அவர்கள் இத்தனை வருடம் காத்திருந்தது உங்கள் முழங்கையைப் பார்க்க இல்லை.

பேனா முனையை நெருக்கமாக எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தை, கையெழுத்தும் மேலே எழுதின இரண்டு வரியுமாக எடுத்தேன், விழாப் படங்களோடு வெளியே போயிற்று. அந்த இரண்டு வரி, இறந்துபோன ஒருவருக்காக அவருடைய மகள் கேட்டு வாங்கினது. பெயரும் அதில் இருந்தது. அந்தப் பெண் கோபப்படாமல்தான் எழுதியிருந்தார். அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து பேனாவையும் விரலையும் எடுப்பேன், மையை எடுப்பதில்லை.

ராத்திரி வேலை

முதலில் இரண்டு இடத்தில் பிரதி. அதுவரை கார்டை அழிப்பதில்லை. அமர்வுக்கு எட்டுப் பத்துப் படம் போதும், நாற்பது கொடுத்தால் விழாக்காரர்கள் முதல் மூன்றைத்தான் பார்ப்பார்கள். பரு, வியர்வை, சுருக்கம் எதையும் துடைக்காதீர்கள். மால்ரோவை ஃப்ராய்ண்ட் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. காற்றில் கலைந்த முடி, உதட்டில் சிகரெட். 1996இல் பிரான்ஸ் அதை வைத்து அஞ்சல்தலை வெளியிட்டபோது சிகரெட்டை அழித்துவிட்டது. இன்றைக்கும் அந்த அஞ்சல்தலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இல்லாத சிகரெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

படக்குறிப்பு எழுதுவதில் என் தொழிற்புத்தி வெளியே வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் எல்லாவற்றையும் மன்னிப்பார், பெயர்ப் பிழையை மன்னிக்க மாட்டார். தலைப்பெழுத்து, ஒற்று, ரகர றகரம், ணகர னகரம் எல்லாவற்றையும் அவருடைய புத்தக அட்டையைப் பார்த்துச் சரிபாருங்கள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து வேண்டாம், அதில் பிழை இருக்கும். ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் மேசையில் இருக்கும் பெயர்ப்பலகைகளை இடமிருந்து வலமாக ஒரு படம் எடுத்துவிட்டால் ராத்திரி யார் எவர் என்று முழிக்க வேண்டாம். ஆனால் உட்கார்ந்தபின் எடுங்கள். கடைசி நிமிடத்தில் இடம் மாற்றி உட்காருகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு தடவை ஒரு நாவலாசிரியரை நான் இன்னொரு நாவலாசிரியர் ஆக்கிவிட்டேன். குறிப்பை ஃபைலுக்குள்ளேயே, படத்தோடு சேர்ந்தே போகிற ஐபிடிசி என்ற குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். தனித்தாளில் எழுதினால் படம் ஒரு பக்கம் போகும், தாள் ஒரு பக்கம் போகும்.

கடைசியாக ஒன்று. விழாக்காரர்களிடம் அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். அதை ஓடவிட்டுக்கொண்டே படம் தேர்ந்தெடுங்கள். அமர்வில் உட்கார்ந்தும் கேட்காமல் விட்ட பேச்சு அப்போதுதான் அர்த்தத்தோடு காதில் விழும். படத்துக்கு ஒரு வரிக் குறிப்பும் அதிலேயே கிடைக்கும்.

போன விழாவில் எனக்கு மிகவும் பிடித்த படம் அரங்கு மொத்தமும் சிரிக்கிற ஒன்று. மேடைப் பக்கம் முழங்காலிட்டிருந்தேன், எழுத்தாளர் ஏதோ சொன்னார், குரல் இறங்கிற்று, சிரிப்பு வரப்போகிறது என்று காது சொன்னது, திரும்பி அடித்தேன். இருநூறு பேர், அத்தனை கண்ணும் நேராக லென்ஸுக்குள். இப்படி ஒரு யோகம் வாய்க்குமா என்று இரண்டு நாள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒலிப்பதிவு வந்தது. முப்பத்தோராம் நிமிடத்தில் எழுத்தாளர் சொல்கிறார்: "நானும் ரொம்ப நேரமாப் பார்க்கிறேன், இந்தத் தம்பி என் முன்னால மண்டிபோட்டே இருக்கார். என் விமர்சகர்கள்ல ஒருத்தர்கூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. யாராவது அவருக்கு ஒரு நாற்காலி போடுங்களேன்."